சீட்டில் உட்கார்ந்தால் என்ன தெரியும்

அன்றைக்குச் சிதம்பரத்து வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: அவருடைய அக்கா. அக்கா மகன், மருந்துக்கடை வைத்திருப்பவன். அக்காவின் மருமகள். அப்புறம் அவர். கூடப் போன நான்.

மேசைமேல் ஒரு விமானம் இருந்தது. முழங்கை நீளம். உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம் ஒன்றைச் சின்னதாகச் செய்தது. பொம்மை என்று சொன்னால் அக்கா மகனுக்குக் கோபம் வரும். மாடல் என்று சொல்ல வேண்டும். இறக்கை, வால், சக்கரம் எல்லாம் அவன் ஒட்டியது. ஓட்டுகிறவன் உட்காரும் இடம் மட்டும் அவர் செய்தது. அதைக் காக்பிட் என்பார்கள். அவர் கேபின் என்றுதான் சொல்வார்.

அக்காவும் அவரும் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அக்காதான் வரச் சொல்லியிருந்தார்.

மருமகள் அடுப்பங்கரையிலிருந்து தலையை நீட்டினாள். "எத்தன எல போடட்டும் அத்த?"

"மூணு. ஒன் புருஷனுக்கு, வந்தவங்க ரெண்டு பேருக்கு."

"ஒங்களுக்கு?"

"எனக்குப் பசியில்ல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அவரைச் சொல்ல வேண்டும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்தார். நான் ஆட்டோ ஓட்டுகிறவன். அவர் நெய்வேலிப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் மிஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மண்ணை வெட்டி எடுக்கும் பெரிய மிஷின். அதன் சக்கரமே ஒரு மாடி வீட்டு உயரம் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி வாளி வாளியாக மாட்டியிருக்கும். அதன் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு கேபின். அதில்தான் அவர் வேலைக்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். மனைவி போய்விட்டார். மகள் பெங்களூரில். தனியாள்.

நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் மாப்ள என்பார். சொந்தம் ஒன்றும் இல்லை.

முதல் நாள் என் ஆட்டோவில் ஏற வந்தார். பின்னால் ஏறவில்லை. என் பக்கம் வந்து நின்றார்.

"மாப்ள, கொஞ்சம் எறங்கு."

"இன்னா மாமா?"

"எறங்குன்றன் இல்ல."

இறங்கினேன். என் சீட்டில் உட்கார்ந்தார். ஹேண்டில்பாரைப் பிடித்தார். முன்கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ரெண்டு சாமி, ஒரு மால, ஒன் பொண்ணு பேரு. ரோடு எங்க மாப்ள?"

"அது பழகிடுச்சு மாமா."

"ஒனக்குப் பழகிடுச்சு. குறுக்க வர்றவனுக்குப் பழகியிருக்குமா?"

"சாமி இல்லாம எப்பிடி ஓட்றது?"

"இருக்கட்டும். கொஞ்சம் ஓரமா ஒக்காரச் சொல்லு."

அன்றைக்குச் சாயங்காலம் மாலையைக் கழற்றினேன். சாமிப் படங்களைச் சுரண்டி எடுத்து ஓரத்தில் ஒட்டினேன். என் மகள் பேர் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பற்றி அவர் திரும்பக் கேட்கவில்லை.

எங்கே போனாலும் இதேதான். எந்தச் சீட்டைக் கண்டாலும் அதில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உட்கார்ந்தால் என்ன தெரிகிறது, என்ன தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். சலூனில் போய் நாற்காலியில் உட்கார்ந்து, கத்திரி எடுக்கிறவன் கண்ணாடியில் தெரியவில்லை என்பார். பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான் வேண்டும். ஒருமுறை மஞ்சக்குப்பத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அங்கே உட்கார்ந்துவிட்டார்.

கடைக்காரர் ஓடி வந்தார். "அண்ணே, அது என் எடம்."

"இங்கேர்ந்து கை கழுவுற எடம் தெரியல. சாப்ட்டுட்டு அந்த வழியா எவனாச்சும் போனா ஒனக்குத் தெரியாது."

"தெரியும்ணே. போறவன் எல்லாம் என் பொண்டாட்டி வூட்டு ஆளுங்கதான். போவட்டும்."

அவர் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

மாடலுக்கு வந்த கதை இதுதான். மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்தபோது ஒரு விமானப் பெட்டியை விட்டுப் போய்விட்டான். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் துண்டு துண்டாக இருக்கும். ஒட்டி, வர்ணம் அடிக்க வேண்டும். அவர் அதில் கேபினை மட்டும் ஒட்டினார். மீதியைப் பெட்டியோடு பரண்மேல் போட்டார். மகள் அடுத்த பெட்டி அனுப்பினாள். அதிலும் கேபின் மட்டும். நாள் ஆக ஆக அலமாரியில் வரிசையாகக் கேபின் நின்றது. விமானம் ஒன்றும் இல்லை.

"ரெக்கைய ஏன் மாமா வுட்டுட்டீங்க?"

"ரெக்க மேல எவனும் ஒக்கார மாட்டான்."

கேபின் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு இருக்கும். பெரியது என்றால் சோப்புப் பெட்டி அளவு. அதற்குள் சீட்டு, காலால் மிதிக்கிற பெடல், நடுவில் பிடிக்கிற தடி, எதிரே பலகை நிறைய முள் ஓடுகிற வட்டங்கள். மாத்திரை அட்டையின் தாளை அறுத்து சீட்டு பெல்ட் செய்வார். பழைய போன் ஒயரைச் சீவி உள்ளே இருக்கும் செம்புக் கம்பியைப் பக்கவாட்டில் ஒட்டுவார். பல் குத்துகிற குச்சியை இன்னும் சீவி, அதால் வட்டத்துக்குள் முள் வரைவார். காய்ந்ததும் நிறமில்லாத நகப் பூச்சு ஒரு சொட்டு வைப்பார். கண்ணாடி போட்டது போல் ஆகிவிடும். பார்க்கிறவன் வாயைப் பிளப்பான்.

ஆனால் அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வது வர்ணம் தேய்ப்பதற்கு. புதுசாக ஒரு கேபினும் அவரிடம் இருக்காது. எல்லாம் ஆள் உட்கார்ந்து எழுந்தது போல் இருக்க வேண்டும். எங்கே தேயும் என்று கண்டுபிடிக்க என்னைப் பிடித்துக்கொள்வார்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போடுவார். இரண்டு பக்கமும் சிமெண்ட் மூட்டை. கால் இடுக்கில் ஒரு தடி. நான் உள்ளே இறங்கி உட்கார வேண்டும். என் உடம்பு பெரிசு. பிதுங்கும்.

"கண்ண மூடு. எடது கைய கீழ வுடு. எங்க போவுது?"

"சும்மா தொங்குது மாமா."

"முட்டுதா?"

"மூட்டையில முட்டுது."

"அங்கதான் அவன் வேகம் கூட்டுற புடி இருக்கு. அந்த எடந்தான் தேயும்."

தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மீன் கொண்டு வருகிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்.

"இன்னாப்பா, ஏரோப்ளேன் எப்பக் கெளம்புது? பாண்டிக்கு ஒரு டிக்கெட்டு போடு."

"சீட்டு இல்ல. நின்னுக்கிட்டு வர்றியா?"

"நீ ஏறுனதுக்கே அது கெளம்பாது. நான் பஸ்ஸுலயே போறேன்."

அவர் இதையெல்லாம் கண்டுகொள்ளமாட்டார். நாற்காலியைச் சுற்றி வந்து என் முழங்கை எங்கே படுகிறது, செருப்பு எங்கே உரசுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுவார். பிறகு மேலே போய் அந்த இடங்களில் மட்டும் ஸ்பாஞ்சில் வெள்ளி வர்ணம் தொட்டு ஒற்றுவார். இரும்பு வெளியே வந்தது போல் இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் கடைசியாக ஒரு வேலை. கேபினை மேசைமேல் வைத்து, மேசையில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொள்வார். சீட்டின் பின்பக்கமிருந்து முன்னால் பார்ப்பார். ஓட்டுகிறவன் கண் இருக்க வேண்டிய உயரம் அது. வெகுநேரம் பார்ப்பார். நிமிர்ந்ததும் "தெரியுது" என்பார். அல்லது "தெரியல" என்பார்.

தெரியுது என்றால் அலமாரிக்குப் போய்விடும். தெரியல என்றால் சில நாள் மேசைமேலேயே இருக்கும். எடுத்து எடுத்துப் பார்ப்பார். அது எனக்கு அப்போது பெரிசாகப் படவில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லா சீட்டிலும் ஒரு துண்டு இருக்கும். பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துணியில் நகம் அளவு வெட்டி, நாலாக மடித்து, சீட்டில் போட்டிருப்பார். சுரங்கத்தில் அவர் அப்படித்தான் உட்காருவாராம். இரும்பு சீட்டு. வெயிலில் கொதிக்கும்.

அக்கா மகன் இதற்குச் சண்டையே போட்டான்.

அவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது மாடல் செய்யப் பழகியவன். திரும்பி வந்து சிதம்பரத்தில் மருந்துக்கடை வைத்தான். பெரிய பெட்டி ஒன்று வாங்கினான். அவன் விரல் தடிமன். கேபின் வேலையில் பாதியைப் பிசின் கொட்டிக் கெடுத்துவிட்டான். பிறகு அம்மாவுக்குத் தெரியாமல் அந்தப் பாகங்களை மாமாவிடம் கொண்டுவந்தான். முடிந்ததை வாங்கிப் போக வந்தபோது நான் இருந்தேன்.

"மாமா, இன்னா இது? வெள்ளக்காரன் சண்ட ப்ளேன்ல துண்டு ஏது?"

"எட்டு மணி நேரம் ஒக்காந்து பாரு. அப்பத் தெரியும்."

"நான் இத மெட்ராசுக்குப் போட்டிக்கு அனுப்பப் போறேன். துண்டப் பாத்தா மார்க்கக் கொறப்பான்."

"கொறக்கட்டும்."

"எடுத்துடுங்க மாமா."

"நீயே எடுத்துக்கோ. ஒட்டியிருக்கன். கிழிச்சாத்தான் வரும்."

அவன் கிழிக்கவில்லை. முனகிக்கொண்டே பெட்டியில் வைத்தான். அப்புறம் கேபினைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"இந்த ப்ளேன் தரையில நிக்கிறப்ப மூக்கத் தூக்கிக்கிட்டு நிக்கும் மாமா. ஓட்றவனுக்கு முன்னால ஒண்ணும் தெரியாதாம். பாம்பு மாதிரி நெளிச்சி நெளிச்சித்தான் ஓட்டுவானாம்."

"தெரியும்," என்றார் அவர். "நல்ல கேபின்."

அவ்வளவுதான் சொன்னார். நல்ல கேபின் என்று வேறு எதையும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அக்கா விஷயம் எனக்கு முதலில் தெரிந்தது திருவந்திபுரத்தில். அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். என் ஆட்டோவில்தான் போனோம். பந்தியில் உட்கார்ந்தோம். எதிர் வரிசையில் நரைத்த தலையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். இலையில் உப்பு வைத்துவிட்டார்கள். அந்த அம்மா இவரைப் பார்த்தார். இலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனார்.

"யாரு மாமா?"

"எங்க அக்கா."

"ஏன் எழுந்து போறாங்க?"

"நான் ஒக்காந்த பந்தியில ஒக்காராது. நீ சாப்புடு."

அவர் சாப்பிட்டார். பாயசம் மட்டும் வேண்டாம் என்றார்.

காரணத்தை அக்கா மகன்தான் பிறகு சொன்னான். அவர் வர்ணம் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் எதிரிலேயே சொன்னான்.

அவர்கள் ஊர் கம்மாபுரம் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போனது. பணம் வந்தது. வீட்டுக்கு ஒருவர் என்று இவருக்கு வேலை வந்தது. அதில் யாருக்கும் சண்டை இல்லை. நிலத்தைக் கொடுத்துப் பல வருஷம் கழித்துத்தான் மிஷின் அந்த இடத்துக்கு வந்தது. அன்றைக்கு ஷிப்ட் இவருடையது. சொல்லியிருந்தால் வேறு ஆள் மாற்றிவிட்டிருப்பார்கள். அப்படி மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. இவர் மாற்றவில்லை. அக்கா மேட்டில் நின்று பார்த்திருக்கிறார்.

"சாயங்காலம் அம்மா கேட்டாங்களாம், நம்ம நெலம்னு தெரிஞ்சிதான் வெட்டுனியான்னு. மாமா சொன்னாராம், கேபின்லேர்ந்து ஒண்ணும் தெரியாது, ஒரே தூசின்னு. அம்மா நம்பல. அன்னிக்கோட பேச்சு நின்னுடுச்சு."

அவர் தூரிகையைக் கழுவினார்.

"அங்க தாத்தா எறக்குன கெணறு இருந்துச்சுண்ணே. சிமெண்ட் ஒறை எறக்குன கெணறு. பதினெட்டு ஒறை. எங்க ஊர்லயே அதான் ஆழம். தாத்தா வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லுவாரு."

உறை என்பது கிணற்றுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிற வளையம்.

அவர் நிமிராமல் சொன்னார். "தூசிதான். ஒண்ணும் தெரியல."

விமானம் முழுசாக ஒட்டி முடிந்ததும் அக்கா மகன் கூடத்தில் கண்ணாடி அலமாரியில் வைத்தான். யார் செய்தது என்று அம்மாவிடம் சொல்லவில்லை. அக்கா ஒருநாள் தூசி தட்ட எடுத்திருக்கிறார். கேபினுக்குள் குனிந்து பார்த்திருக்கிறார். சீட்டில் பச்சைக் கரைத் துண்டு. நாலு மடிப்பு. தம்பிக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால், அவர் ஷிப்டுக்குப் போகும்போது அப்படி மடித்துக் கொடுத்தவரே அக்காதான். வேறு யாரையும் கேட்கவில்லை. மகனிடம், "அவன வரச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

மகன் போனில் சொன்னதை அவர் என்னிடம் வந்து சொன்னார். "மாப்ள, சிதம்பரம் போவணும். கூட வா."

"எதுக்கு மாமா?"

"ஒரு ஆளு கூட இருந்தா நல்லாருக்கும்."

பஸ்ஸில் போனோம். டிரைவர் பக்கத்து சீட்டு காலியாக இருந்தது. அவர் அங்கே போகவில்லை. பின்னால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார்.

இனி அந்தக் கூடம்.

மருமகள் மூன்று இலை விரித்துத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போனாள். அக்கா மேசை ஓரம் நின்றார். விமானத்தைத் தொடவில்லை.

"இதுல ஒக்காந்தா இன்னாடா தெரியும்?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அக்கா தம்பியிடம் பேசிய முதல் பேச்சு அது.

"முன்னால ஒண்ணும் தெரியாதுக்கா. மூக்கு மறைக்கும்."

அக்கா குனிந்தார். மேசையில் கன்னத்தை வைத்தார். அவர் செய்வது போலவே ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முழங்கால் வலி இருப்பவர். எழும்போது மகன் கை கொடுக்கப் போனான். வேண்டாம் என்று தள்ளினார்.

"ஆமா. இதுல தெரியல. ஒன் மிஷின்ல?"

அவர் விரித்திருந்த இலைகளைப் பார்த்தார்.

"அந்தக் கெணத்துல எத்தன ஒறைடா?"

அக்கா மகன் குறுக்கே வந்தான். "இன்னாம்மா இது? பதினெட்டுதான். தாத்தா சொல்லிச் சொல்லி ஊருக்கே தெரியும்."

"நீ சும்மா இரு. ஒங்க தாத்தா சொல்லுவாரு. கையில காசு தீந்து போயி நடுவுலயே நிறுத்திட்டாரு. வெளிய சொன்னா மரியாத போயிடும்னு பதினெட்டுன்னு சொன்னாரு. ஒறை எறக்குனப்ப கயிறு புடிச்சவ நான். இவன் அப்பத் தொட்டில்ல கெடந்தான். நெசக் கணக்கு எங்க அப்பாவுக்கும் எனக்குந்தான் தெரியும். எங்க அம்மாவுக்குக்கூடத் தெரியாது."

அப்புறம் தம்பி பக்கம் திரும்பினார்.

"பாக்கலன்னா நீயும் பதினெட்டுன்னே சொல்லு. சாப்ட்டுட்டுக் கெளம்பு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாத்திருந்தா, எத்தனன்னு சொல்லு."

அடுப்பங்கரையில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது. அது நின்றது.

அவர் விமானத்தைப் பார்த்தார். கேபினைத்தான் பார்த்திருப்பார். பதினெட்டு என்று சொல்லிவிடலாம். சாப்பிட்டு பஸ் ஏறலாம். கடலூர் வந்து அடுத்த பெட்டியைப் பிரிக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

"பதினாலு," என்றார்.

அக்கா மகன் அம்மாவைப் பார்த்தான். அக்கா தலையாட்டினார்.

"கெணத்த மண்ணப் போட்டுத் தூத்துட்டாங்கக்கா. ஆனா ஒறை உள்ளயே இருந்துச்சு. வாளி பக்கவாட்டுல வெட்டிக்கிட்டே வந்துச்சு. மண்ணு சரிஞ்சி பாதிக் கெணறு வெளிய தெரிஞ்சிது. மேலேர்ந்து கீழ வரைக்கும். வளையல அடுக்குன மாதிரி." கையால் காட்டினார். "மிஷின நிறுத்துனேன். மேலேர்ந்து எண்ணுனேன். பதினெட்டு இல்ல. கீழேர்ந்து எண்ணுனேன். வயர்லெஸ்ல கூப்புட்டாங்க, ஏன் நிக்கிதுன்னு. அப்புறம் வெட்டுனேன்."

"தெரிஞ்சிதான் வெட்டுன."

"தெரிஞ்சிதான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்பிடிக்கா சொல்றது?"

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தார். மேசையில் தூசி இல்லை.

"ஷிப்ட மாத்தியிருந்தீன்னா இந்த வம்பே இல்ல."

"வேற ஆளு நிறுத்தியிருக்க மாட்டான்க்கா," என்றார் அவர். "அவனுக்கு அது வெறும் ஒறை."

நானும் அக்கா மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அந்தத் துண்டு வைத்த சீட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது.

அவர் இப்போது இல்லை. கேபின்கள் என் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவர் மகள் என்னை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்யும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் துடைப்பேன். கன்னத்தை மேசையில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. சிலதில் தெரியும். சிலதில் தெரியாது.

அன்றைக்கு மருமகள் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு கூடத்துக்கு வந்தாள். விரித்த இலைகளில் ஒருவரும் உட்காராததைப் பார்த்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள்.

"இன்னா அத்த, யாரும் ஒக்காரலியா? எல மூணுதான?"

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தார். பக்கத்தில் தம்பிக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.

"நாலு."